நூற்றில் காணாத பதினெட்டு

மாசிக்கு முன்னால் எடுத்த அளவுகளில் கணக்கு சரியாக வந்தது. மாசிக்குப் பிறகு எடுத்தவற்றில் வரவில்லை. மதுமிதாவின் ஐந்து வருட ஆராய்ச்சி இந்த இரண்டு வரிகளில் வந்து நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடைசி அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் பல்கலைக்கழகம் பதிவை ரத்து செய்துவிடும். அன்று புதன்.

வேங்கிக்காலில் அவளும் கணவன் அஜிதனும் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு செட்டு இருந்தது. அதில் இரும்பு ஸ்டாண்டின் மேல் ஒரு நீல டிரம். கிணற்று மோட்டார் அதை நிரப்பும். டிரம்மிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் இறங்கி, எட்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியின் தலைப்பக்கம் தடுத்துவிட்ட தலைப்பெட்டியில் தண்ணீரை விடும். போளூர் ரோட்டில் மீன் தொட்டி விற்கும் மூர்த்திதான் அதைச் செய்து கொடுத்தார். "இவ்ளோ நீளத்துக்கு இன்னா மீன் மேடம் வளக்கப் போறீங்க, மொதலையா?" என்று கேட்டுக்கொண்டே ஒட்டினார். தொட்டிக்குள் ஒரு கம்பி வலை. அதைத் தாண்டும்போது தண்ணீர் கலங்கிக் கொந்தளிக்கும். போகப் போக அடங்கும். கடைசியில் வாழைக்குப் போய்விடும்.

அது அடங்குவதைத்தான் அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழல்களாகிறது. அவை உடைந்து இன்னும் சின்னதாகின்றன. மணலளவுக்கு வந்ததும் தண்ணீரின் பாகுத்தன்மை அவற்றைப் பிடித்துத் தேய்த்து வெப்பமாக்கிவிடுகிறது. கைக்குத் தெரியாத வெப்பம்; ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கிய தண்ணீரில் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஏறினால் அதிகம். ஆனால் ஆற்றல் எங்கும் தொலைவதில்லை. நூறு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால், குழாயின் உராய்வில் இவ்வளவு, வளைவில் இவ்வளவு, வலையில் இவ்வளவு, வலைக்குப் பின்னால் சுழல்களில் இவ்வளவு என்று தேடித் தேடிக் கூட்டினால் நூறு வந்தாக வேண்டும்.

ஜனவரியில் தொண்ணூற்றேழு வந்தது. வீட்டுச் செட்டில் வைத்துச் செய்த சோதனைக்கு அது மகா உசத்தி என்று அவளுடைய வழிகாட்டி அருணாதேவி மேடம் சென்னையிலிருந்து போனில் கொண்டாடினார். அத்தியாயம் நிற்க வேண்டுமானால் அதே அளவுகளை இன்னொரு முறை எடுத்து, அதே விடை வருகிறது என்று காட்ட வேண்டும். பிப்ரவரி கடைசியில் எடுப்பதாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில், ஏழாம் மாதத்தில், அவர்கள் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. பெண்.

மதுமிதா அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அவள் அவர்களுக்குக் காபி கொடுத்தாள். நான்கு மாதமாக அவளுக்குச் சோறு சோறாகவும் தூக்கம் தூக்கமாகவும் இருந்தது, அதற்கு மேல் எதுவும் எதுவாகவும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல நாட்கள் நடந்தன. கால் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

ஜூனில் செட்டுக் கதவைத் திறந்து மறுபடியும் அளவு எடுத்தாள். எண்பத்திரண்டு வந்தது. மறுநாள் எண்பத்திரண்டு. குழாயில் உப்புப் படிந்திருக்கும் என்று புதுக் குழாய் மாற்றினாள், எண்பத்திரண்டுதான். நூற்றில் பதினெட்டைக் காணவில்லை.

அதே தொட்டி, அதே வலை, அதே கிணறு, சுழல்களைப் படம் பிடிக்கும் போன் கேமராகூட அதேதான். ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவள். தன் மூளையில் எதுவோ விட்டுப்போய்விட்டது என்று நம்பத் தொடங்கினாள். சோதித்தும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள், வந்தது. ஆனால் போன வாரம் காபியில் உப்பைப் போட்டிருந்தாள். அதைவிட மோசம், பாதி டம்ளர் குடித்த பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை மேடம் கூப்பிட்டார்.

"மது, எவ்ளோ நாள்மா இதையே பாத்துக்கிட்டு இருப்பே? ரொம்பச் சின்னச் சுழலெல்லாம் போன் கேமராவுக்குத் தெரியாது. அதனால வெப்பமா போறது கம்மியாத்தான் தெரியும்னு ஒரு பாரா எழுது. ஒரு திருத்தக் குணகம் போட்டுப் பெருக்கு. நூறு வந்துடும். ஊர் உலகத்துல எல்லாரும் செய்றதுதான்."

"ஜனவரியில இதே கேமரா மேடம்."

"ஜனவரியில அதிர்ஷ்டம்னு வெச்சிக்கோ. வெள்ளிக்கிழமை விட்டா அப்புறம் நான் கால்ல விழுந்தாலும் நடக்காது."

"சரி மேடம்."

அந்தப் பாராவை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. அனுப்பினால் பட்டம் வந்துவிடும். ஆனால் கணக்கு எங்கே தப்பியது என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இனிமேலும் முடியாது என்று அவளே கையெழுத்துப் போடுகிற மாதிரி அது. அதோடு கல்லூரியில் பார்த்துவந்த ஆசிரியர் வேலையையும் ராஜினாமா செய்துவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். தன் கூட்டலைத் தானே நம்பாதவள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரக் கூடாது. இந்த முடிவும் வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. சும்மா இருப்பதற்குப் பதிலாக டிரம்மின் ஸ்டாண்டை இறக்கினாள். தண்ணீரின் வேகம் சரிபாதியாகும்வரை இறக்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் அளந்தாள். இதில் ஒரு சின்ன விதி உண்டு. கொந்தளிப்பில் தொலையும் ஆற்றலின் உயரம் வேகத்தின் வர்க்கமாக மாறும். வேகம் பாதியானால் அது கால்பங்காகும். கேமராவுக்குத் தெரியாத சுழல்கள்தான் பதினெட்டு சென்டிமீட்டரைத் தின்கின்றன என்றால், இப்போது நாலரைதான் காணாமல் போக வேண்டும்.

காணாமல் போயிருந்தது எட்டுக்குச் சற்று மேலே.

மதுமிதா பேனாவை வைத்துவிட்டு அந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் கூட்டினாள். கிட்டத்தட்டப் பாதி. கால்பங்கு இல்லை, பாதி. அப்படியானால் காணாமல் போன ஆற்றலில் பெரும்பங்கு கொந்தளிப்பில் போகவில்லை. சத்தமில்லாமல், சுழலே இல்லாமல், மிக மிக நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் பிசுபிசுவென்று நுழைந்து போகும் ஓர் இடத்தில் போகிறது. மண்ணில் தண்ணீர் இறங்குவதைப் போல. பஞ்சில் இறங்குவதைப் போல. அங்கேதான் வேகம் பாதியானால் இழப்பும் பாதியாகும்.

அப்படி ஓர் இடம் இந்தச் செட்டில் இல்லை. தன் அத்தியாயத்தில் உள்ள படத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டிரம், வால்வு, குழாய், வளைவு, தலைப்பெட்டி, வலை, தொட்டி. எதுவும் விட்டுப்போகவில்லை. வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். மண் அடைப்பு எதுவும் இல்லை. சரிதான், கூட்டலும் போய்விட்டது, யோசனையும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மாடியில் குடியிருக்கும் அன்புச்செல்வி காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் வந்தாள். கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு அறை விடும் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்காருகிறவள். யாரிடமும் எதையும் குறைத்துப் பேசிப் பழக்கமில்லை.

"இன்னா டீச்சரு, தரையில குந்திக்கினு கீற? இன்னும் மீனு வுடலியா தொட்டியில?"

"இல்லக்கா."

"நாளிக்கு பௌர்ணமி. இன்னிக்கே ரூமு கேட்டு உசுர எடுக்கறானுங்க. சித்த நேரம் இங்க ஒக்காந்து உன் தண்ணியப் பாக்கறேன், மனசாவது ஆறட்டும்." அவள் துணிக்கூடையோடு தொட்டியருகே வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தெரியாமத்தான் கேக்கறேன், உங்க ஊட்ல கொழா ஒண்ணு பாக்கியில்லாம கோமணம் கட்டி வுட்டுடுவீங்களே, இதுக்குமா கட்டணும்? இத யாரு குடிக்கப் போறா, வாழமரமா?"

மதுமிதா தலையைத் தூக்கினாள்.

தலைப்பெட்டிக்குள் தண்ணீருக்கடியில், குழாயின் வாயில், இரண்டாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணி பை போல உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. நாடாவால் சுற்றி, இடப்பக்கம் முடிச்சு.

அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஜூன் முழுவதும், தினமும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரை அடி தூரத்தில் பார்த்திருக்கிறாள். புதுக் குழாய் மாற்றிய அன்று பழையதிலிருந்து அவிழ்த்துப் புதியதில் கட்டியது அவள் கைதான். இப்போது நினைவு வந்தது. சமணக் குடும்பத்தில் பிறந்து, சமணக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்ததிலிருந்து அவள் புழங்கிய வீடுகளில் துணி கட்டாத குழாய் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரோடு போய்ச் சாகக் கூடாது என்று கட்டுவது. குழாய் என்றாலே அவளுக்குத் துணியோடு சேர்ந்ததுதான். அதைத் தனியாகப் பார்க்க வேறு வீட்டுக் கண் வேண்டியிருந்தது.

"இன்னாமா, ஏதாவது தப்பாச் சொல்ட்டனா? சாமி சமாச்சாரமா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் மதுமிதா. "ரொம்பச் சரி."

ஜனவரியில் இந்தத் துணி இல்லை. அதுவும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது அவள்தான் கேட்டாள், இதற்கும் கட்ட வேண்டாமா என்று. அஜிதன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "வாழைக்குப் போற தண்ணிக்கு எதுக்கு மது? எங்க தாத்தாவே இவ்ளோ பாக்க மாட்டாரு."

அஜிதன் கீழ்பென்னாத்தூரில் வேளாண்மை உதவி அலுவலர். பௌர்ணமிக்கு முந்தின நாள் கூட்டத்தில் பைபாஸ் அடைத்துக்கொள்ளும் என்று சீக்கிரமே கிளம்பி, ஐந்தேகாலுக்கெல்லாம் பைக்கை உள்ளே ஏற்றினான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் சோறும் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் எடுத்து வைத்தாள். நான்கு மாதமாக அந்த மேசையில் உப்பு, தண்ணீர், மோர் ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

"செட்டுல கொழாய்க்குத் துணி கட்டினது நீங்களா?"

அவன் கை சோற்றில் நின்றது. "ஏன், ஏதாவது ஆயிடுச்சா?"

"எப்ப கட்டினீங்க?"

"மார்ச்ல. நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நாலஞ்சு நாள் இருக்கும். தொட்டியில தண்ணி நின்னு பாசி புடிக்குதுன்னு கழுவினேன். அப்போ கட்டினேன். அவுத்துடணுமா?"

"வாழைக்குப் போற தண்ணிக்கு எதுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்தான்."

அவன் சோற்றைப் பிசைந்தான். வெளியே ரோட்டில் கிரிவல பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

"தண்ணிய வுட்டேன். அதுல என்னென்னமோ நெளிஞ்சிச்சு. குட்டிக் குட்டியா. வலை வேற இருக்குதா, அதுல போய் மோதிக்கினு..." அவன் நிறுத்தினான். "இனிமே இந்த வீட்ல ஒண்ணும் சாகக் கூடாதுன்னு தோணுச்சு மது. அவ்ளோதான். பைத்தியக்காரத்தனம்தான். உன்கிட்ட சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. வெறும் துணிதானேன்னு வுட்டுட்டேன்."

மதுமிதா அவனையே பார்த்தாள். நெஞ்சுக்குள் எதுவும் புரளவில்லை. ஆனால் அவன் முகம் இளைத்திருப்பதும், காதோரம் நரை வந்திருப்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டன.

"வெறும் துணி இல்லங்க. நூத்துல பதினஞ்சு பதினாறு அதுல போவுது."

"என்னாது?"

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். எண்பத்திரண்டு, காணாத பதினெட்டு, வேகம் பாதியானபோது எட்டு. அவன் வேளாண்மை படித்தவன். மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும் விதி அவனுக்குத் தெரியும். பாதி என்றதுமே "சல்லடை!" என்றான். பிறகு முகம் வாடிப்போயிற்று.

"அப்போ ஒரு மாசமா நீ மண்டைய ஒடச்சிக்கினது என்னாலயா? சொல்லியிருக்கலாமே மது. தினம் என் எதிர்லதான ஒக்காந்திருந்தே."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் மூளைதான் கெட்டுப்போச்சுன்னு. வேலைய எழுதிக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

"காபியில உப்புப் போட்டியே, அதை வெச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் டம்ளர்லயும் அதான இருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம குடிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. வர வேண்டிய இடம் என்று தெரிந்தது.

"காலையில அவுத்துடறேன்," என்றான் அவன். "நாளைக்கு முழுக்க ஜனவரி மாதிரியே எடுத்துடு. ஒருநாள்தான."

அதுதான் சுலபம். துணி இருந்ததே யாருக்கும் தெரிய வேண்டாம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம். அது இருக்கட்டும். அதையும் அளக்கணும்."

வியாழக்கிழமை அஜிதன் விடுப்பு எடுத்தான். குழாயில் துணிக்குச் சற்று முன்னால் ஒரு துளை போட்டு மெல்லிய கண்ணாடிக் குழல் சொருகினான். தலைப்பெட்டியில் இன்னொன்று. இரண்டிலும் தண்ணீர் ஏறி நிற்கும் உயரத்தின் வித்தியாசம்தான் துணி தின்பது. அவள் வால்வைத் திறந்தாள். அவன் மண்டியிட்டு அளவுகோலைப் பிடித்தான்.

"பதினாலு... இரு, ஆடுது. பதினஞ்சு. பதினஞ்சுதான்."

"கண்ணு நேரா வெச்சுப் பாருங்க. சாய்ச்சிப் பாத்தா தப்பா வரும்."

"முளைச்ச வெதைய ஒண்ணொண்ணா எண்ணுறவன்கிட்ட சொல்றியா? பதினஞ்சு, எழுதிக்கோ."

பாதி வேகத்தில் ஏழரை வந்தது. எண்பத்திரண்டும் பதினைந்தும் தொண்ணூற்றேழு. ஜனவரியில் வந்த அதே எண். மீதி மூன்று அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை; அந்த மூன்றுக்கு வேண்டுமானால் கேமராவைக் குறை சொல்லலாம். அவள் நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது.

மேடத்துக்குப் போன் செய்தாள்.

"துணியா?" என்றார் அருணாதேவி. "அஞ்சு வருஷமா உன் படத்தைப் பாக்கறேன். அதுல துணி எங்கேம்மா இருக்கு?"

"மார்ச்லேர்ந்துதான் இருக்கு மேடம். எங்க வீட்டுல துணி இல்லாத குழாயே கிடையாது. அதனால வரையணும்னு தோணல."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "ஏய், வேகம் பாதி ஆனா அதுவும் பாதிதான் ஆச்சுன்னு கண்டுபிடிச்சியே, அதைத் தனிப் பகுதியா எழுது. அந்தப் பாராவைத் தூக்கிப் போட்டுடு. மூணுக்கு மட்டும் ரெண்டு வரி போதும். துணியை ஒழுங்கா வரை, இன்னா?"

வெள்ளிக்கிழமை காலை அவள் படத்தைத் திருத்தினாள். குழாயின் வாயில் சின்னதாக ஒரு பை வரைந்து, பக்கத்தில் 'நீர் வடிகட்டும் பருத்தித் துணி, இரண்டு மடிப்பு' என்று எழுதினாள். அத்தியாயம் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது என்று பதில் வந்தது. கல்லூரிக்கு எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தையும் அழித்தாள். மகிழ்ச்சி என்று எதுவும் வந்து கதவைத் தட்டவில்லை. ஆனால் கூட்டல் சரியாக இருந்தது. யோசித்தது சரியாக இருந்தது. தலைக்குள் இருப்பது அவளேதான். வேறு யாரும் வந்து குடியேறிவிடவில்லை.

கொல்லைக் கதவருகே போனாள். அஜிதன் துணியை அவிழ்த்துத் தலைகீழாக்கி, செம்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். துணியில் தங்கிய உயிர்களை வந்த இடத்திலேயே விட வேண்டும். செம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினான். மேலிருந்து கொட்டக் கூடாது; தண்ணீர் மட்டம் தொட்ட பிறகுதான் சாய்க்க வேண்டும். அவன் குனிந்து, கயிற்றை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கிணற்றுச் சுவரின் இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏங்க."

"ம்?"

"எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள எல்லாம் முடிச்சிட்டாங்க. நீங்க மட்டும்தான் அவளைப் பாத்தீங்க."

கயிறு நின்றது. அவன் நிமிரவில்லை.

"நான் கேக்கவே இல்ல," என்றாள். "கேட்டா எனக்கு என்னமோ ஆயிடும்னு பயமா இருந்துச்சு. இப்போ கேக்கலாம்னு தோணுது. அவளுக்கு முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றான் அஜிதன். குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது. "நெறைய. நெத்தியில ஒட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் ஒதுக்கி வுட்டேன்."

மதுமிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."